வளையத்தின் உள்விளிம்பு

ஜூன் 8

அக்கா,

கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் விசாரிக்கப் போவதில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தபோது நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஐம்பத்து மூன்று நாள் ஆகிறது. தோளைத் தொட்டு எழுப்பினால் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன் என்று பயந்தாயா? கூட்டியிருப்பேன்தான். இருந்தாலும் எழுப்பியிருக்கலாம்.

உன் முகவரி அம்மாவிடம் இருப்பது நேற்றுதான் தெரிந்தது. சமையலறை அலமாரியில் விரித்திருக்கும் காகிதத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். "எழுதிக்கோ, ஆனா நான் கொடுத்தேன்னு மூச்சு விடாதே" என்றாள். பதில் போட்டால் பள்ளிக்கூட நூலகத்துக்குப் போடு. நூலகர் என் கட்சி.

வீட்டில் உன் பெயர் புழங்குவதில்லை. அப்பாவுக்கு நீ "அந்த லேப்காரி". முந்தாநாள் சாப்பிடும்போது சுவரைப் பார்த்து, "அந்த லேப்காரி தூக்கிட்டுப் போன என் குடையை யாரு திருப்பித் தரப் போறா?" என்று கேட்டார். மழையே பெய்யவில்லை.

அன்றைய சண்டையை நான் அடிக்கடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். "டாக்டர் சீட்டு கேக்காம நீங்க ரெண்டு ரெண்டா வெட்டிக் கொடுக்கிற மாத்திரைதாம்பா கிருமிக்குப் பாடம் நடத்துது. அரைகுறையா அடிச்சா அது சாகாது, பழகிக்கும்" என்று நீ சொன்னாய். "அந்த மாத்திரைதான்டி உன்னைப் படிக்க வெச்சுது" என்றார் அப்பா. எனக்கு இரண்டுமே உண்மையாகக் கேட்டது. இரண்டு உண்மைகள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால், ஒன்று எழுந்து வெளியே போய்த்தான் ஆகவேண்டுமா?

எழுதக் காரணம் வேறு. பத்து நாளைக்கு முன் மருந்துக்கடை ஷட்டர் பாதியில் நழுவி அப்பாவின் இடது கால் பெருவிரலில் விழுந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். புண் ஆறவில்லை. பள்ளி விட்டதும் நான்தான் கடையில் உட்காருகிறேன். சாயங்கால வெயில் மருந்து பாட்டில்கள் வழியாக வந்து தரையெல்லாம் பழுப்பாகக் கிடக்கிறது. ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்து கடை நடத்துவதுபோல் இருக்கிறது. வருகிறவர்கள் மேலே எங்கிருந்தோ பேசுகிறார்கள்.

நீ அங்கே என்னதான் செய்கிறாய்? விவரமாக எழுது. சுருக்கினால் எனக்குப் பிடிக்காது.

பூச்சி


ஜூன் 16

பூச்சிக்கு,

எழுப்பாமல் வந்தது தப்பு. கதவோரம் நின்றேன். நெஞ்சின்மேல் புத்தகத்தைக் கவிழ்த்துப்போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய். எழுப்பியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

குடை இனிமேல் திரும்பாது. துணியை வெட்டிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மலை ஆஸ்பத்திரியில் என் ஆய்வுக்கூடம் ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு குளிர்ப்பெட்டி, தட்டுகளைக் கதகதப்பாக வைக்க ஒரு பெட்டி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு. மழைக்காலத்தில் மேகம் கேட்காமல் உள்ளே வந்துவிடும். சில மதியங்களில் என் கையே எனக்குப் பாதிதான் தெரியும். தொலைபேசி ஆபீஸில் ஒன்று இருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து அது வெறும் அலங்காரம்.

நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியை வட்டத் தட்டில் பரப்புவேன். அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைப்பேன். எல்லா வில்லையும் ஒரே அகலம், ஆறு மில்லிமீட்டர். மறுநாள் பார்த்தால் கிருமி தட்டு முழுக்கப் பனிபோலப் படர்ந்திருக்கும். எந்த மருந்து அதைக் கொல்கிறதோ, அந்த வில்லையைச் சுற்றி மட்டும் படராமல் தெளிந்த வளையம் நிற்கும். மூட்டத்துக்கு நடுவே குளங்கள் மாதிரி. வளையம் அகலமானால் அந்த மருந்தைக் கொடுக்கலாம். குறுகலானால் கொடுத்துப் பயனில்லை.

அளப்பதுதான் சிக்கல். விளிம்பு எப்போதும் கோடு போட்டதுபோல் இருக்காது. சந்தேகம் வந்தால் கேட்க நிபுணர் வேண்டும். அவர் இங்கிருந்து எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார். அதனால் எங்களுக்கு ஒரு போன் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு செயலி. செயற்கை நுண்ணறிவு என்று செய்தித்தாளில் படித்திருப்பாய். ஆயிரக்கணக்கான தட்டுகளின் படங்களைப் பார்த்துப் பழகியது. இணையம் வேண்டாம். தட்டைப் படம் எடுத்தால் ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் சொல்லும், எந்த மருந்து வேலைக்காகும் என்றும் சொல்லும். ஆனால் தட்டு கறுப்புத் துணியின்மேல் இருக்க வேண்டும். குடையின் கதி இப்போது புரிந்திருக்கும்.

இந்த ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா ஒரு விதி வைத்திருக்கிறார். முதலில் நான் அளவுகோலால் அளந்து நோட்டில் இடப்பக்கம் பென்சிலால் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் போனைத் திறக்கலாம். அது சொல்வது வலப்பக்கம். இரண்டும் ஒத்துவராவிட்டால் அவரைக் கூப்பிட வேண்டும். இதுவரை ஒத்துவராத நாற்பது தடவையில் முப்பத்தேழு தடவை போன்தான் சரி. இதை உன்னிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

அப்பா புண்ணுக்கு என்ன சாப்பிடுகிறார்? அட்டையில் உள்ள பெயரை அப்படியே எழுது.

அக்கா


ஜூன் 24

அக்கா,

பெயர்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் நான்கு. மூன்று நாள் ஒன்று, ஆறவில்லை என்றதும் நாலு நாள் இன்னொன்று, பிறகு இரண்டையும் சேர்த்து, இப்போது புதிதாக வந்த இரண்டு. கடைக்கு வருபவர்களுக்கு வெட்டிக் கொடுப்பதுபோலவே தனக்கும் வெட்டிக் கொடுத்துக்கொள்கிறார்.

அம்மா நேற்று பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறீங்க. ஒரு நடை டாக்டர்கிட்டப் போனா என்ன, கிரீடம் எறங்கிடுமா?"

"இருபத்தஞ்சு வருஷமா இந்த மாத்திரைங்களோட குடும்பம் நடத்துறேன். எது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா?"

"இருபத்தஞ்சு வருஷமா என்னோடயும்தான் குடும்பம் நடத்துறீங்க. எனக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க பார்ப்போம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தபோது, விரல் ஓரம் கறுத்திருந்ததை நான் பார்த்தேன். வாடையும் வந்தது. அம்மாவும் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று.

இன்று காலை நம் ஊர் கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எந்தக் கிருமின்னு தெரியாம இனிமே ஒண்ணும் கொடுக்க முடியாது. பெரிய ஊருக்கு சாம்பிள் அனுப்பினா ரிசல்ட் வரப் பத்து பன்னெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கால் காத்திருக்குமான்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அப்பா சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு எங்கே பார்த்தாலும் வளையம் தெரிகிறது. மேஜையில் ஈர டம்ளர் வைத்த தடம். தூறலில் தேங்கிய தண்ணீர். நேற்று ஒரு கனவு. அப்பா பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் பனி நெருங்கி வருகிறது. நான் அவர் பக்கத்தில் ஒவ்வொரு மாத்திரையாக வைக்கிறேன். பனி விலகவே இல்லை. கனவில் எனக்குப் பயமாக இல்லை. எழுந்த பிறகுதான் பயமாக இருந்தது.

பூச்சி


ஜூன் 27

பூச்சி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நீளமாக எழுத நேரமில்லை.

பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டாம். இங்கே அனுப்புங்கள். எனக்கு மூன்று நாள் போதும். கிளினிக் டாக்டருக்குத் தனியாகச் சீட்டு வைத்திருக்கிறேன், அவரிடம் கொடு. நர்ஸ்தான் எடுக்க வேண்டும். புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். மருந்து தடவிய மேல்பாகத்தில் தொட்டு எடுத்தால் ஒன்றும் முளைக்காது. காலை ஏழு மணிப் பேருந்தில் கண்டக்டரிடம் கொடுத்தால் மதியத்துக்குள் என் கைக்கு வந்துவிடும்.

அப்பா மறுப்பார். என் பெயரைச் சொல்லாதே. வேறு எந்த வழியிலாவது.

அக்கா


ஜூலை 1

அக்கா,

இந்தக் கடிதமும் புட்டியும் ஒரே பேருந்தில் வருகின்றன. எது முதலில் உன் கைக்கு வரும் என்று யோசிப்பது வேடிக்கையாக இருக்கிறது.

உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் வரவில்லை. நர்ஸ் அம்மா பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு வந்ததும், "இது எங்க போகுது?" என்று அப்பா கேட்டார்.

"மேல மலை ஆஸ்பத்திரிக்கு. அங்க ஒரு பொண்ணு இதுல கெட்டிக்காரியாம்."

"எந்தப் பொண்ணா இருந்தா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டினார். குச்சி உள்ளே போனபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு நர்ஸ் அம்மா ஒட்டுச்சீட்டில் பெயர் எழுதப் போனாள். "பேரு போடாதீங்க. நம்பர் போடுங்க" என்றார்.

"நம்பரா? ஏன் சார்?"

"பேரைப் பார்த்தா அந்தக் கெட்டிக்காரி கை நடுங்கும். நம்பர்னா ஒழுங்கா வேலை பார்ப்பா."

நர்ஸ் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதனால்தான் புட்டியில் 118 என்று இருக்கிறது. அது அப்பா, அக்கா. இதைச் சொல்லாமல் விட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது யோசிக்கிறேன். மையில் எழுதிவிட்டேன்.

காய்ச்சல் வந்துவிட்டது. கிளினிக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் இறங்காவிட்டால் விரலோடு நிற்காது, கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் தாழ்வாரத்தில் சொன்னார். நான் தண்ணீர்க் குழாயருகே நின்று கேட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன், பனி இறங்கியிருக்கிறது. பேருந்து கிளம்பினால் பின்விளக்கு இரண்டும் சிவப்பாகக் கொஞ்ச தூரம் மிதந்துபோய் அணையும். அப்பாவின் ஒரு துளி கண்டக்டரின் பைக்குள் உட்கார்ந்து உன்னிடம் ஏறி வருகிறது. உங்கள் இரண்டு பேரில் முதலில் கிளம்பியவர் அப்பாதான் என்று எழுதினால் கோபித்துக்கொள்வாயா?

பூச்சி


ஜூலை 4

என் பூச்சிக்கு,

பத்தொன்பது!

முதலில் அதை எழுதிவிட வேண்டும்போல் இருந்தது. கிளினிக்குக்கு முறையான ரிசல்ட் இதே உறைக்குள் இருக்கிறது. நாளைக் காலைப் பேருந்தில் வரும். ஏழு வில்லை வைத்தேன். அப்பா ஏற்கெனவே சாப்பிட்ட நாலு மருந்துக்கும் வளையமே இல்லை, பனி வில்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஐந்தாவது, ஊசியாகப் போடும் மருந்து. பதினெட்டும் அதற்கு மேலும் இருந்தால் வேலை செய்யும், பதினான்கும் அதற்குக் கீழும் இருந்தால் செய்யாது. போன் பத்தொன்பது சொல்கிறது. இந்த ஊசி வேகமாகப் பிடிக்கும். இன்னும் இரண்டு மருந்துக்கும் ஏதோ வளையம் இருக்கிறது, அவை பிறகு.

மூன்று நாளாக நான் தூங்கினேனா என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகும். தட்டுகள் இருக்கும் கதகதப்புப் பெட்டி முனகிக்கொண்டே இருக்கும். கண் திறந்தால் அறைக்குள் மேகம். அந்த வெள்ளைக்குள் எங்கோ அப்பா கடை மேஜையைத் துடைக்கும் சத்தம் கேட்கும். துணியை ஒரு சுற்று சுற்றி இழுப்பாரே, அந்தச் சத்தம். இன்று மதியம் தட்டை எடுத்தபோது வெயில் வந்திருந்தது. இரண்டு வாரத்தில் முதல் வெயில்.

நம்பர் போடச் சொன்னது அப்பாவாக இருக்கும் என்று நீ எழுதாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் அவர் நினைத்தது நடக்கவில்லை. கை நடுங்கத்தான் செய்தது.

எங்கே பார்த்தாலும் வளையம் தெரிகிறது என்று எழுதினாயே. டாக்டரம்மா தன் பிரிண்டரில் பெரிதாகப் போட்டுக்கொடுத்த படம் இத்துடன். நடுவில் இடப்பக்கம் இருப்பதுதான் அந்தப் பத்தொன்பது. புத்தகத்துக்குள் வைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

இதைக் கண்டக்டரிடம் நேராகக் கொடுக்கிறேன். தயவுசெய்து உடனே படி. நான் சொல்வது தப்பாக இருந்தால் திட்டிக்கொள், ஆனால் முதலில் படி.

ஊசி போட ஆரம்பித்து நாலாவது நாள். காய்ச்சல் இறங்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்கிறார் டாக்டர். அப்பா அரைத் தூக்கத்திலேயே இருக்கிறார். நேற்று என்னைப் பார்த்து, "கடையில யாரு இருக்கா? ஷட்டரைப் பாத்து ஏத்துங்க" என்றார். பிறகு என் பக்கமாகத் திரும்பி யாரோடோ பேசினார். அது நான் இல்லை.

கட்டிலருகே உட்கார்ந்திருக்கும்போது உன் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அழகாக இருக்கிறது. வானத்தை யாரோ வட்டத்தில் பிடித்து வைத்ததுபோல. பையில் ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது. வேறு வேலை இல்லாததால் அளந்தேன்.

வில்லைகள் எல்லாம் ஆறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாய். படத்தில் ஒரு வில்லை பதினைந்து இருக்கிறது. அப்படியானால் படம் இரண்டரை மடங்கு. உன் வளையத்தின் அகலம் படத்தில் நாற்பத்தேழரை. இரண்டரையால் வகுத்தால் பத்தொன்பது. சரியாக வந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அக்கா, அந்த வளையத்துக்கு இரண்டு விளிம்பு இருக்கிறது. வெளியே பளிச்சென்று ஒன்று. அதற்குள்ளே, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மெல்லிசாக ஒரு படலம், அது முடியும் இடத்தில் இன்னொன்று. படத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. மற்ற வளையங்களுக்கு அப்படி இல்லை. உள்விளிம்பை அளந்தால் முப்பத்தைந்து. வகுத்தால் பதினான்கு. டிவைடரால் ஆறு தடவை அளந்தேன். நூலகரையும் அளக்கச் சொன்னேன். அவருக்கும் முப்பத்தைந்து.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கறுப்புத் துணி எங்கே? தட்டைச் சுற்றி வெள்ளியாக மின்னுகிறது. தட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் தெரிகிறது, கம்பிகளோடு. அது உன் ஜன்னல்தானே?

அந்தப் படலம் கிருமியா, இல்லை பிரிண்டர் அழுக்கா? எனக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் பார்த்த போனுக்குத் தெரியாதது என் டிவைடருக்குத் தெரியுமா என்று கேட்டு நானே சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. நாளை மறுநாள் பத்தாம் தேதி.

பூச்சி


ஜூலை 9

பூச்சி,

நேற்று மதியம் உன் கடிதம் வந்ததும் குளிர்ப்பெட்டியிலிருந்து 118-ஐ எடுத்தேன். குடைத்துணியை விரித்து அதன்மேல் வைத்தேன். படலம் இருக்கிறது. அது கிருமிதான். அளவுகோலில் பதினான்கு. போனில் மறுபடி படம் எடுத்தேன். அதுவும் பதினான்கு.

டாக்டரம்மா உடனே கிளினிக்குக்குச் சீட்டு எழுதி, சாயங்காலம் திரும்பிப் போன அதே கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். இதை நீ படிக்கும்போது ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றியிருப்பார்கள். இப்போது கொடுப்பது ஒரு பழைய மாத்திரை. வளையம் இருபத்து நான்கு, கறுப்புத் துணியில், ஒற்றை விளிம்போடு. டாக்டரம்மாவும் அளந்தார். அது அப்பாவின் கடையிலேயே மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும். யாரும் பெயர் சொல்லிக் கேட்காத மாத்திரை. யாரும் இரண்டு இரண்டாக வாங்கவில்லை என்பதால் கிருமி அதை இன்னும் பழகவில்லை. இதை நான் வாதத்தில் ஜெயித்ததாக எழுதவில்லை. ஜெயித்தவள் இப்படி இருக்க மாட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் தேதி துப்புரவு அம்மா துணியைத் துவைத்துப் போட்டிருந்தாள். மழையில் அது காயவில்லை. அன்றைக்கும் மறுநாளும் தட்டுகளை எவர்சில்வர் தட்டத்தின்மேல் வைத்துப் படம் எடுத்தேன். நாலாம் தேதி வெயில் வேறு வந்துவிட்டது. அந்தப் பளபளப்பில் படலம் கரைந்துபோனது. போனைக் குறை சொல்ல முடியாது. கறுப்புத் துணி வேண்டும் என்று அதன் முதல் திரையிலேயே எழுதியிருக்கிறது. நேற்று பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். பத்தொன்பதுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. உறுதியில்லை, மறுபடி பார் என்று அதற்கு அர்த்தம். அது தன் சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறது. நான் எண்ணை மட்டும் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. இதை எழுத இரண்டு தாள் கிழித்துவிட்டேன். அன்றைக்கு விதிப்படி நான் முதலில் கண்ணால் அளந்தேன். இடப்பக்கம் பதினான்கு என்று எழுதினேன். பிறகு போன் பத்தொன்பது சொன்னது. இரண்டும் ஒத்துவராவிட்டால் டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும். அவர் பிரசவ அறையில் இருந்தார், சாயங்காலம்தான் வருவார். எனக்குப் பத்தொன்பது வேண்டியிருந்தது, பூச்சி. அது அப்பா. பதினான்கை ரப்பரால் அழித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினேன். தாளில் அழித்த தடம் இன்னும் இருக்கிறது. விரல் வைத்தால் தெரிகிறது. அவரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. "மத்த தட்டெல்லாம் எடு" என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு நாளில் தட்டத்தில் வைத்துப் படித்தவை இன்னும் ஏழு. எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். நாலு சரி. மூன்று தப்பு. மூன்று பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மேலே, சாலை முடிந்தும் நடக்க வேண்டிய இடங்கள். பதிமூன்றாம் தேதி காலை சுகாதாரப் பணியாளரின் ஜீப் அந்தப் பக்கம் போகிறது. புது மாத்திரையை அவரிடம் கொடுத்தனுப்பலாம். இல்லை, நானும் போகலாம். போய் என்ன சொல்வது? என் கைத் தப்பு என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு நினைவு தெளிந்ததும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே. ரப்பர் விஷயத்தையும்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

முதலில் கால். பெருவிரலை எடுத்துவிட்டார்கள், நேற்று மதியம். அதோடு நின்றுவிட்டது. "கணுக்கால் பத்தி இனிமே பேச வேண்டாம்" என்று டாக்டர் சொன்னதும் அம்மா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து மறுபடி உள்ளே அடுக்கினாள். இன்று விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. நெற்றியில் கை வைத்தேன். கழுவி வைத்த பாத்திரம் மாதிரி குளிர்ச்சியாக இருந்தது.

பத்து மணிக்கு அப்பா விழித்து, "ஏ பூச்சி, தண்ணி" என்றார். குடித்து முடித்ததும் உன் கடிதத்தை எடுத்தேன். அம்மா கண்ணால் வேண்டாம் என்றாள். நீ விடாதே என்று எழுதியிருந்ததால் நான் விடவில்லை. ரப்பர் இடம் வந்தபோது என் குரல் தானாகவே சின்னதாகிவிட்டது. "சத்தமாப் படி" என்றார். சத்தமாகப் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் திரை உப்பி உப்பித் தாழ்ந்தது. அறையே மெதுவாக மூச்சு விடுவதுபோல் இருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த மூணு பேரு எங்க இருக்காங்கன்னு அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நோட்டுல பேரும் ஊரும் இருக்கும்பா."

"பேரே இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு ஒருத்தர் பேரும் தெரியாது" என்றார். "இருபத்தஞ்சு வருஷம் வெட்டி வெட்டிக் கொடுத்திருக்கேன். யாருக்குக் கொடுத்தேன், கேட்டுச்சா கேக்கலையா, ஒண்ணும் தெரியாது. திரும்பி வரலைன்னா நல்லாயிட்டாங்கன்னு நெனச்சுக்குவேன். இங்க படுத்து யோசிச்சுப் பாக்கறேன். திரும்பி வராததுக்கு வேற காரணமும் இருக்குமில்ல?"

அம்மா அவர் கையைப் பிடிக்கப் போனாள். "இரு, பேசிக்கிறேன்" என்றார்.

"நான் போய்ச் சொல்லணும்னாக்கூட எந்தக் கதவைத் தட்டுவேன்? அவளுக்கு மூணு கதவு தெரியுது. குடுத்து வெச்சவ. ஜீப்காரன்கிட்டக் கொடுத்தனுப்ப வேண்டாம்னு எழுது. அவளே போகட்டும். பயமா இருந்தாலும் போகட்டும்."

எழுத ஆரம்பித்தேன். நோட்டை எட்டிப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்தார். பிறகு இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், அக்கா, ஒரு எழுத்தும் மாற்றாமல்:

"ரொம்பத் தூரத்து வீட்டுக்கு முதல்ல போம்மா. கிட்டத்து வீட்டுல நல்லாப் பேசிட்டாங்கன்னா, அதோட திரும்பிடலாம்னு தோணும்."

பூச்சி